கிளப்புக்கும் வீட்டுக்கும்

"அந்தப் பச்சைக் கோட்டு வேண்டாம் எண்டு நான் சொன்னனான்," என்றாள் அம்மா புஷ்பமலர். "கழட்டு அதை."

டெல்சி அப்பாவின் வலது கையை அந்தக் கோட்டுக்குள் முழங்கைவரை நுழைத்திருந்தாள். சவ அடக்கக் கம்பனிக்காரர் மறுபக்கம் நின்று தோளைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்றாலும் 'வேண்டாம்' எந்தப் பாஷையிலும் விளங்கும். தூக்கியது தூக்கியபடி அப்படியே நின்றார். அப்பா யாகோப்பு செத்து அன்று ஆறாம் நாள். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து ஒரு மணித்தியாலம் ஆகியும் கையில் குளிர் போகவில்லை.

"மச்சாள், அண்ணை ஆசையாய்ப் போட்ட உடுப்பு," என்றாள் றீற்றா மாமி. அவள் யாகோப்புவின் தங்கை. பேர்லினிலிருந்து முதல்நாளே ரயிலேறி வந்திருந்தாள். "பதினொரு வருசம் போட்டவர்."

"அந்த உடுப்பாலை தான் செத்தவர்."

"நெஞ்சுநோவாலை எல்லோ செத்தவர்?"

"நெஞ்சு ஏன் நொந்தது? வாயாலை. கந்தோரிலை போய் 'வீட்டுக்கும் துவக்கு வேணும்' எண்டு சொன்ன வாயாலை. சும்மா இருந்திருந்தால் இண்டைக்கு உயிரோடை இருந்திருப்பார். தன்ர வாயாலையே கெட்ட மனிசன்."

சவத்துக்கு முன்னாலும் அம்மா அதை விடுவதாயில்லை. ஆறு மாதமாகச் சொல்லிச் சொல்லி அது அவளுக்குச் செபமாலை மாதிரி வாயில் தானாக ஓடியது. டெல்சி அப்பாவின் கையைக் கோட்டிலிருந்து வெளியே எடுத்தாள். மாமி கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கறுப்புக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றைக்குக் கந்தோரில் பிழை விட்டது யாருடைய வாய் என்பது இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அந்த மேசையில் கிடந்தார். மற்றவள் அவருக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குப் பூசை, பதினொன்றரைக்கு அடக்கம். அதற்குள் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று டெல்சி ஆறு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் தன் வாயால் கெட்டவன் என்ற பெயரோடுதான் அந்த மனிதன் குழிக்குள் இறங்குவான்.

ஒன்பது வயதிலிருந்து அந்த வீட்டுக்கு ஜேர்மன் மொழியில் டெல்சிதான் வாய். டொக்டர், பள்ளிக்கூடம், வீட்டுக்காரன், வேலைக் கந்தோர், எங்கே ரேர்மின் என்று நேரம் குறித்தாலும் நடுவில் ஒரு கதிரை அவளுக்கு. அம்மாவுக்கு ஒப்பரேசன் என்றபோது, கர்ப்பப்பை என்று ஒரு சொல் தமிழில் இருப்பதை அவள் அறிந்ததே டொக்டரின் மேசைக்கு முன்னால்தான். இப்போது வயது இருபத்தொன்பது. செயற்கைப் பல் செய்கிற ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. ஆனாலும் வீட்டுக் கடிதங்கள் அவளுடைய கைக்குத்தான் வரும். "என்ரை பிள்ளை கதைச்சால் வெள்ளைக்காரன் தன்ர டொச்சைத் திருத்துவான்," என்று யாகோப்பு ஞானஸ்நான வீடு, கலியாண வீடு என்று ஒன்றுவிடாமல் சொல்லித் திரிவார். டெல்சி வெட்கப்பட்டுத் தலையைக் குனிவாள். உள்ளுக்குள் அது அவளுக்குப் பிடிக்கும்.

அந்த ஜேர்மன் சிற்றூரில் செபஸ்தியார் பெயரில் ஒரு சங்கம் இருந்தது. உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கிற புனிதரின் பெயரில் துப்பாக்கி சுடுகிற ஒரு சங்கம் எப்படி வந்தது என்று அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் திருநாள் ஊர்வலத்தில் கொடி பிடிக்கிற ஒருவருக்குக் கால் சுளுக்கிவிட, பூசைக்கு வந்திருந்த யாகோப்புவின் கையில் கொடியைக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதைச் சரியாமல் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். அடுத்த வருடம் கம்பத்தில் வைக்கிற மரப்பறவையைச் சுட ஒரு முறை தந்தார்கள். பறவையின் இடது செட்டை விழுந்தது. அன்று தொடங்கியது. பாண் தொழிற்சாலையில் கிழமை முழுக்க மாவோடு மல்லுக்கட்டுகிற மனிதன் சனிக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்தின் பச்சைக் கோட்டோடு கிளப்பில் நிற்பார். அங்கே எல்லோரும் அவரை யாக்கோப் என்றார்கள். இந்த நாட்டில் எழுத்துக்கூட்டிச் சொல்லத் தேவையில்லாத ஒரே தமிழ்ப் பெயர் தன்னுடையதுதான் என்று அவருக்கு ஒரு பெருமை.

தமிழ்ச் சனம் சும்மா விடுமா? "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆளுக்கு இஞ்சை துவக்குக் கேக்குதோ?" என்று நேரே முகத்துக்குக் கேட்டவர்களும் உண்டு.

"அங்கை துவக்குக்கு முன்னாலை நிண்டனான்," என்பார் யாகோப்பு. "பின்னாலை நிண்டால் எப்பிடியிருக்கும் எண்டு பாக்கிறன்."

ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போடுகிற சின்னத் துவக்கு ஒன்று அவரிடம் ஏற்கெனவே இருந்தது. நிலவறையில் இரும்புப் பெட்டகத்துக்குள் அதைப் பூட்டி வைத்திருந்தார். போன மாரியில்தான் அடுத்ததற்கு ஆசைப்பட்டார். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்கிற, நூறு மீற்றருக்குச் சுடுகிற நீளத் துவக்கு. கிளப்பில் மூன்று பேரிடம் மூன்று விதமானது இருந்தது. மூன்றையும் அவர் கடன் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து வெடியாக, மூன்று மாதம் சுட்டுப் பார்த்தார். விலை கூடியதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, ஆனால் அந்த விலைக்குப் பழைய கார் ஒன்று வாங்கலாம். மலிவானது முதல் மூன்று வெடிக்கும் நல்ல பிள்ளை. குழல் சூடேறியதும் ஐந்தாவது வெடி எப்போதும் வலது பக்கம் போய் நிற்கும். நடு விலைத் துவக்கு முன்பக்கம் பாரம், விசையை இரண்டு தரத்தில் அழுத்த வேண்டும், பார்க்கவும் அப்படியொன்றும் இலட்சணமில்லை. ஆனால் நூறு மீற்றரில் ஐந்து ஓட்டையையும் ஒரு இரண்டு யூரோ நாணயக் குற்றியால் மூடலாம். இரண்டு ஆணியைத் தட்டினால் கழன்றுவிடும், துடைத்துப் பூட்டக் கால்மணி நேரம் காணும்.

"கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கிற மாதிரி இதைப் பாக்கக்கூடாது பிள்ளை," என்று அவர் டெல்சியிடம் சொன்னார். "பக்கத்து வீட்டுக்காரனைத் தெரிவு செய்யிற மாதிரிப் பாக்கவேணும். வடிவாய் இருக்கத் தேவையில்லை. முதல் வெடிக்கும் கடைசி வெடிக்கும் ஒரே குணமாய் இருந்தால் காணும்."

வீட்டிலும் ஆராய்ச்சி நடந்தது. பெட்டகத்தின் உள்ளுயரத்தை அளந்து, அதே நீளத்துக்குத் தும்புத்தடி ஒன்றை வெட்டி உள்ளே நிற்கவைத்துப் பார்த்தார். துவக்கின் நிறை மூன்று கிலோ அறுநூறு. அதே நிறைக்கு அரிசியைப் பையில் கட்டித் தடியில் தொங்கவிட்டு, தோளில் வைத்து, மூச்சைப் பிடித்து நின்றார். "சோறாக்க அரிசி எங்கை?" என்று அம்மா நிலவறைப் படியில் நின்று கத்துவாள். அந்த மூன்று மாதமும் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

கிளப் கடிதம் கொடுத்தது. இனி ஆயுத அனுமதி தருகிற அரசாங்கக் கந்தோரின் சம்மதம்தான். மார்ச் மாதத்தில் ரேர்மின் கிடைத்தது. டெல்சி வேலையில் ஒரு மணித்தியாலம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி நல்ல மாதிரியானவள்தான். எல்லாக் கடதாசியையும் புரட்டிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டாள். இந்த ஆயுதம் எதற்குத் தேவை? எங்கெங்கே கொண்டு செல்லப்படும்? டெல்சியின் கைப்பேசி பைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆய்வுகூடத்திலிருந்து.

"என்னத்துக்கு, எங்கை கொண்டு போறதுக்கு எண்டு கேக்கிறா அப்பா."

என்னத்துக்கு என்பது கிளப்பின் கடிதத்திலேயே இருந்தது. ஆகவே யாகோப்பு இரண்டாவதற்குப் பதில் சொன்னார்.

"கிளப்புக்கும் வீட்டுக்கும் தான் பிள்ளை. வேறை ஒண்டுக்கும் இல்லை."

தமிழில் போவதற்கும் 'க்கு', தேவைக்கும் 'க்கு'. கடைக்குப் போகிறோம், காய்ச்சலுக்கு மருந்து குடிக்கிறோம். டொச்சில் அதற்கு ஒரு சொல், இதற்கு வேறொரு சொல். இருபது வருடமாக நாளுக்குப் பத்துத் தரம் தடுமாறாமல் தாண்டிய அந்த இடத்தில் டெல்சிக்கு அன்று கால் இடறியது. கிளப் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் என்று சொன்னாள். வேறு எந்தத் தேவைக்கும் இல்லை என்று அழகாக முடித்தும் வைத்தாள்.

பெண்மணியின் பேனா நின்றது. "வீட்டுத் தேவைக்குமா?"

"ஆம், இயல்புதானே," என்றாள் டெல்சி, பைக்குள் கைவிட்டுக் கைப்பேசியை அணைத்தபடி.

யாகோப்பு பக்கத்தில் இருந்து சிரித்தமுகமாகத் தலையாட்டினார். அவருக்கு டொச் தெரியாமல் இல்லை. கிளப்பில் பகிடி விடுகிற அளவுக்குத் தெரியும். ஆனால் பிள்ளை கதைக்கும் இடத்தில் அவர் காதுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்.

மூன்றாவது கிழமை கடிதம் வந்தது. வீட்டைக் காக்கவென்று இந்த நாட்டில் சும்மா ஒருவருக்குத் துவக்குக் கொடுப்பதில்லை. விளையாட்டுக்கென்று சங்கத்தின் பெயரில் விண்ணப்பித்துவிட்டு வீட்டுத் தேவையையும் சொல்கிற ஆளைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். விண்ணப்பதாரரின் சொந்தக் கூற்றுப்படி ஆயுதம் வீட்டுத் தேவைக்கும் வேண்டப்படுகிறது என்றது கடிதம். அனுமதி இல்லை. அவருடைய நம்பகத்தன்மை மீள ஆராயப்படும். கையில் உள்ள ஆயுதத்தையும் அதுவரை ஒப்படைக்க வேண்டும்.

குசினி மேசையில் இருந்து வாசித்தபோது அந்த வரியில் டெல்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏனாம்?" என்றாள் அம்மா.

"அப்பா வீட்டுக்கும் எண்டு சொன்னவர் தானே," என்றாள் டெல்சி. "அதாலையாம்."

சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் பொய் இல்லை. யாகோப்பு சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். கோபமாய் இல்லை. தடியில் அரிசி கட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

"ஓம்," என்றார். "சொன்னனான் தான்."

அதோடு அம்மா தொடங்கினாள். யாகோப்பு சொதி கொஞ்சம் கேட்டு வாங்கிக் குழைத்துச் சாப்பிட்டு முடித்தார்.

பழைய துவக்கை ஒப்படைக்க டெல்சிதான் காரில் கூட்டிப் போனாள். கந்தோரில் தந்த பற்றுச்சீட்டை அவர் நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஆட்சேபம் எழுத ஒரு மாதம் தவணை இருந்தது. எழுதுவதென்றால் முதல் வரியிலேயே 'நான் பிழையாக மொழிபெயர்த்தேன்' என்று எழுத வேண்டும். டெல்சி கணினியில் அதை அடித்தாள், அழித்தாள். அவளுக்கு வந்தது கந்தோர்ப் பயம் இல்லை. நான் பிழை விடுகிற ஆள் என்று அந்த வீட்டில் ஒருதரம் தெரிந்துவிட்டால், இத்தனை வருடம் சொன்னதெல்லாம் சரியா என்று ஒவ்வொன்றாகக் கிளம்புமே என்ற பயம். அப்பா கேட்கவேயில்லை. தவணை முடிய ஒருநாள் இருக்கும்போது மட்டும் அவளுடைய அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, அந்தக் கடிதம்..."

"நாளைக்கு எழுதுறன் அப்பா."

"அவசரமில்லை, அவசரமில்லை," என்றுவிட்டுப் போனார். மறுநாள் ஆய்வுகூடத்தில் வேலை பிந்தியது. அதற்கடுத்த நாள் தவணை போய்விட்டது.

கந்தோர் முடிவு சொல்லும்வரை கிளப்புக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சனிக்கிழமைகளில் ஒன்பதரைக்கு யாகோப்பு வெளிக்கிட்டுப் போவார். சந்தைக்கு என்பார். அம்மா நம்பினாள். ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, கிளப்புக்கு எதிரே உள்ள பேருந்துத் தரிப்பில், வாங்குப் பலகையில் இருந்தபடியே செத்துப்போனார். பேருந்து வந்து கதவு திறந்தும் ஏறாத ஆளை இறங்கிவந்து பார்த்தவர் சாரதிதான்.

பூசைக்கு முன் சொல்லலாம் என்று பார்த்தாள் டெல்சி. அம்மாவைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். பூசையில் சொல்ல முடியாது. கல்லறையில் சங்கத்தார் பதினாறு பேர் பச்சைக் கோட்டோடு வரிசையாக நின்று, கொடியைக் குழிக்கு மேல் மூன்று தரம் தாழ்த்தினார்கள். அந்த நிரைக்கு முன்னால் கறுப்புக் கோட்டு யாகோப்பு கயிற்றில் இறங்கினார். "ஐயோ, உன்ர வாய் உன்னைக் கொன்று போட்டுதே," என்று அம்மா குழி விளிம்பில் நின்று கத்தியபோது றீற்றா மாமி அவளைப் பின்னால் இழுத்தாள். பாதர் கைப்பிடி மண்ணை எடுத்து டெல்சியிடம் நீட்டினார். அவள் போட்டாள். சொல்லவில்லை. மண் விழுந்த பிறகு, இனிச் சொல்லி என்ன என்றும் ஒரு எண்ணம் வந்தது. அப்படி ஒரு எண்ணம் தனக்கு வந்ததை நினைத்து அவளுக்கே அவளை அருவருத்தது.

பங்கு மண்டபத்தில் நீள மேசைகள் போட்டிருந்தன. ஒரு பக்கம் சங்கத்துப் பெண்கள் கொண்டுவந்த கேக்கும் கோப்பியும். மறுபக்கம் தமிழ்ச் சனத்தின் பற்றீசும் றோல்சும். செத்தவீட்டுக்கு வந்த இரண்டு பகுதிச் சனமும் மற்றப் பக்கத்துச் சாப்பாட்டைத்தான் கூடுதலாகத் தின்றது. சங்கத் தலைவர் பிறிங்மன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார். எழுபது வயது மனிதர், முன்னாள் தபால்காரர். அம்மாவுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். டெல்சி வழக்கம்போல இருவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

"நான் மன்னிப்புக் கேட்க வந்தேன்," என்றார் பிறிங்மன் டொச்சில். "யாக்கோப்பை நான் உள்ளே விடவில்லை. எங்கள் விதி அப்படி. ஆனால் அவர் சனிக்கிழமை தவறாமல் எதிரே பேருந்துத் தரிப்பில் வந்து இருப்பார். உள்ளே சுடுகிற சத்தம் அங்கே கேட்கும். சத்தத்தை வைத்தே இது யாருடைய துவக்கு என்று சொல்லுவார், பிழை வராது. நான் கோப்பி கொண்டு போய்க் கொடுப்பேன். ஒருநாள் கேட்டேன். யாக்கோப், நீ வீட்டுக்காகத் துவக்குக் கேட்டிருக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பில் ஏதோ நடந்திருக்கிறது. மகளிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் கொண்டு வா, தவணை போனாலும் பரவாயில்லை, நான் போய்க் கந்தோரில் பேசுகிறேன் என்றேன்." அவர் டெல்சியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை, அன்புதான் இருந்தது. "அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் மகள் பிழை விடமாட்டாள், நான்தான் பிழையாகச் சொன்னேன் என்றார். கோப்பியையும் குடிக்கவில்லை. அவ்வளவு பெருமை அவருக்கு உங்களில். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்."

டெல்சி அம்மாவின் கதிரை முதுகைப் பிடித்தாள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"அப்பா நல்ல மனிசனாம். கிளப்பிலை எல்லாருக்கும் கவலையாம்."

அம்மா அவளையும் பிறிங்மனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிசம் கதைச்சவர். உவ்வளவு தானோ?"

"ஓம் அம்மா."

"நடுவிலை 'தொஹ்ற்றர்' எண்டவர். அது மகள் எல்லோ. உன்னைப் பற்றி என்ன சொன்னவர்?"

சொல்லாமல் விட இன்னும் இடம் இருந்தது. 'நல்ல மகள் எண்டவர் அம்மா' என்றால் முடிந்தது. யாரும் அகராதி எடுத்துப் பார்க்கப் போவதில்லை. ஆறு மாதம் அந்த மனிதன் ஏச்சு வாங்கியது வீட்டின் வாய் என்ற அவளுடைய இந்த ஒரு இடத்தைக் காப்பாற்றத்தான் என்பது டெல்சிக்கு அப்போதுதான் முழுக்க உறைத்தது. அவர் கட்டிக்கொடுத்துவிட்டுப் போன பொய்க்குள் அவள் ஆயுள் முழுக்கக் குடியிருக்கலாம்.

"'என்ரை மகள் பிழை விடமாட்டாள், நான் தான் பிழையாய்ச் சொன்னனான்' எண்டு அப்பா இவரிட்டைச் சொன்னவராம்."

"அது தெரிஞ்ச கதை தானே," என்றாள் அம்மா.

"இல்லை." டெல்சி செருமிக்கொண்டாள். "அப்பா சரியாய்த் தான் சொன்னவர் அம்மா. துவக்கைக் கிளப்புக்கும் வீட்டுக்கும் தான் கொண்டு போறது எண்டு சொன்னவர். நான் அதை, வீட்டுத் தேவைக்கும் எண்டு மாத்திச் சொல்லிப்போட்டன். எனக்குக் கடிதம் வந்த அண்டைக்கே தெரியும். நான் வாய் திறக்கேல்லை. அப்பாவுக்கும் தெரியும்."

றீற்றா மாமி றோல்ஸ் தட்டோடு பக்கத்தில் வந்தவள், வந்த இடத்திலேயே நின்றாள். தட்டில் இருந்து ஒன்று உருண்டு மேசையில் விழுந்தது.

அம்மா ஏசவில்லை, நெஞ்சில் அடிக்கவில்லை. மேசையில் விழுந்த றோல்ஸை எடுத்துத் தட்டில் வைத்தாள். விரலில் ஒட்டிய எண்ணெயைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்து முடிய வெகுநேரம் எடுத்தது.

"அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்?" என்று பிறிங்மன் டெல்சியைக் கேட்டார்.

டெல்சி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா குனிந்து, பிறிங்மனின் பச்சைக் கோட்டுக் கையில் தன் கையை வைத்தாள்.

"மைன் மன்," என்றாள். என் மனிசன். அடுத்த சொல்லுக்கு அவள் எங்கெங்கோ தேட வேண்டியிருந்தது. "மைன் மன் நிக்ஸ் ஃபால்ஷ்." பிழை இல்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகக் காதில் விழுந்தவைதான் அவளுடைய டொச். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, முன்னது பின்னதாக, பின்னது முன்னதாக அடுக்கினாள். பிறிங்மன் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார். டெல்சி நின்ற இடத்தில் இருந்து ஒரு அடி விலக வேண்டியிருந்தது, விலகினாள்.

நடுவில் அம்மாவுக்கு ஒரு சொல் வரவில்லை. கொண்டுபோவது என்ற சொல். டெல்சிக்கு அது நாக்கு நுனியில் நின்றது. அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. மேசையில் இருந்த தன் கோப்பிக் கோப்பையை எடுத்துப் பிறிங்மனுக்கு முன்னால் வைத்து, "கிளப்," என்றாள். அவருடைய கோப்பையை இழுத்துத் தன் பக்கம் வைத்து, "ஹவுஸ்," என்றாள். பிறகு கேக் கரண்டியை எடுத்து ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டு போய்க் காட்டினாள். திரும்பக் கொண்டு வந்தாள்.

"யா," என்றார் பிறிங்மன். "யா, யா."

அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அம்மா நிறுத்தவில்லை. வெள்ளை மேசைவிரிப்பின் மேல் கோப்பி சிந்தச் சிந்த, கரண்டி கிளப்புக்கும் வீட்டுக்குமாகப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.